ஒரு வயலுக்கு ஒரு பெயர்

அந்த அம்மையார் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு தாள். தம் கணவரும், அவர் மறைந்தபின் தாமும், மூன்று மா நிலத்தை, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கரை, பதினான்கு ஆண்டுகளாகக் குத்தகைக்குப் பயிரிட்டு வந்ததற்குச் சான்றான தாள். அந்த வயலில் எந்த நாளில் உழவு நடந்தது, எந்த நாளில் அறுவடை நடந்தது, யார் வந்து இயந்திரம் கேட்டார் என்று அதில் வரிசையாக இருந்தால் போதும். மாசி மாதத்தில் வட்டாட்சியர் முன் விசாரணை இருந்தது. தாள் இருந்தால் குத்தகைதாரர் என்று பதிவு பெற்று அவர் வயலில் நிலைப்பார். இல்லையென்றால் வயல் விற்கப்பட்டு இறால் குட்டையாகும். அந்தத் தாளைத் தரும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் தரவில்லை. எவராலும் இனித் தர முடியாதபடி செய்தவனும் நானே.

நான் திருவையாற்றில் தமிழ் படித்தவன். ஆசிரியர் பணிக்கான பட்டியல் ஆட்சிக்கு ஆட்சி புதிதாக எழுதப்பட்டது. எந்தப் பட்டியலிலும் என் பெயர் ஏறவில்லை. முப்பது வயதில் தஞ்சாவூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி நிரல் எழுதக் கற்றேன். யாப்புப் படித்தவனுக்கு அது கடினமாக இல்லை. தளை தட்டினால் வெண்பா கெடுவதுபோல ஓர் அரைப்புள்ளி தவறினால் நிரல் கெட்டது. அரிசி ஆலைகளுக்கும் விதைக்கடைகளுக்கும் நிரல் எழுதிப் பிழைத்து வந்தேன்.

சீர்காழியிலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் செல்லும் சாலையில், உழவு இயந்திரங்களையும் அறுவடை இயந்திரங்களையும் வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்று இருந்தது. அறுவடை இயந்திரம் முதன்முதலாக வயலில் இறங்கிய ஆண்டு, கூலித் தொழிலாளர்கள் செங்கொடியை நட்டு வரப்பில் படுத்து மறித்தார்கள் என்று அதன் உரிமையாளர் சொல்வார். நான் அங்குப் போன காலத்தில் மறிக்க ஆள் இல்லை. மறித்தவர்களின் பிள்ளைகளில் பாதிப்பேர் திருப்பூருக்குப் போயிருந்தார்கள். ‘உழுபவனுக்கே நிலம்’ என்று வாய்க்கால் மதகில் எழுதியிருந்த எழுத்துகள் மட்டும் சிவப்பு வெளிறி இருந்தன. அவற்றின்மேல் இரண்டு தேர்தல்களின் சுண்ணாம்பு ஏறியிருந்தது.

அந்நிறுவனத்தின் பழைய நிரலை எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். கரும்பலகை போன்ற திரையில் ஒரு வேலைக்கு ஒரு வரி: நாள், வயலின் புல எண், கேட்டவர் பெயர், வேலையின் வகை, கடைசியில் குறிப்பு. எல்லாம் ஆங்கில எழுத்தில். ஆண்டுக்கு ஆண்டு அது தளர்ந்து, பிறகு வாரத்துக்கு ஒருமுறை நின்றது. புதிதாக எழுதித் தருமாறு உரிமையாளர் என்னை அழைத்தார். எந்தத் தரவுத்தளத்தின்மேல் எழுதுவது என்பதை என் தேர்வுக்கே விட்டார்.

அந்த அம்மையார் முதன்முறை வந்தது புரட்டாசியில். நடவுச் சேறு கணுக்காலில் காயாமலே வாசற்படிக்கு வெளியே நின்றார்.

“உள்ள வாம்மா. கம்ப்யூட்டரு ஒண்ணும் கடிக்காது,” என்றார் உரிமையாளர்.

“சேறுங்க முதலாளி. இங்கேர்ந்தே சொல்றேன்.” செய்தியைச் சொன்னார். நிலத்தின் உடைமையாளரான மிராசுதார் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நகரத்திலிருக்கும் பிள்ளைகள் விலை பேசிவிட்டார்கள். குத்தகை என்று ஒன்று இருந்ததே இல்லை, அப்பா பண்ணையாள் வைத்துச் சொந்தமாகப் பயிரிட்டார் என்கிறார்கள்.

“சீட்டு கீட்டு ஒண்ணும் இல்லியா உங்கிட்ட?”

“சீட்டு கேட்டா பெரியய்யா மனசு நோவும்னு எங்க வீட்டுக்காரரு வாயத் தொறக்கலைங்க. களத்துல நெல்ல அளந்து வண்டியில ஏத்திவுட்டா அதான் சீட்டு. தாலுக்காபீசுல பதியச் சொல்லி மைக்கு கட்டிச் சொன்னாங்க. பதிஞ்சவன் மூஞ்சில பெரியய்யா முழிக்க மாட்டாருன்னு இவரு போகவே இல்ல.”

அது அவர் ஒருவரின் பிழையன்று. அந்த வட்டாரத்தின் வழக்கம். பதிவு கேட்பது நம்பிக்கையை அவமதிப்பதாகும் என்று உடைமையாளர் நினைத்தார். அவர் அப்படி நினைப்பார் என்று குத்தகைதாரர் அஞ்சினார். சட்டம் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் வாய்ச்சொல்லே ஆவணமாக இருந்தது. அக்கம்பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் அதே குடும்பத்தின் நிலத்தைப் பயிரிட்டவர்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் உழவுக்கும் அறுப்புக்கும் அவர் கணவரும் பின்னர் அவரும் நேரில் வந்து பெயர் சொல்லி இயந்திரம் கேட்டது எங்கள் கணினியில் மட்டுமே எழுத்தாக இருந்தது.

நிறுவனத்தில் பதிவெழுத்தராக ஒரு பெண்மணி இருந்தார். அந்த வரிகளை எல்லாம் தட்டச்சு செய்தவர் அவரே. பெற்றோர் பண்ணைக் கூலிகளாக இருந்தவர்கள். இவர் அஞ்சல்வழியில் பட்டம் பெற்றவர். அவர் என் பக்கம் குனிந்து, “சார், இப்பவே பழசுலேர்ந்து அடிச்சுக் கொடுத்துடலாம். அஞ்சு நிமிஷம்,” என்றார்.

நான் பழைய அச்சுப்பொறியைப் பார்த்தேன். நாடாவில் மை மங்கியிருந்தது. ஓரத்தில் துளைபோட்ட தாள். அதில் ஒரு தமிழ் உழவரின் பெயர் ஆங்கில எழுத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு விதமாக. இதையா வட்டாட்சியர் முன் வைப்பது? “விசாரணை மாசியில்தானே. புதிய நிரல் தை முதல் நாள் ஓடும். செம்மையாகத் தமிழில் தருகிறேன்,” என்றேன்.

“நம்ம புலவரு அச்சுல வார்த்தாப்புல தருவாரும்மா. பொங்கல் கழிச்சு வா,” என்றார் உரிமையாளர்.

அம்மையார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “எங்க வீட்டுக்காரரு பேரு தமிழ்லயே வருங்களா?”

“வரும் அம்மா,” என்றேன்.

தளத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முன்னே மூன்று வழிகள் இருந்தன. பழைய வகைக் கோப்புகளையே வைத்துக்கொண்டு திரையை மட்டும் புதுக்குவது ஒன்று. பதிவெழுத்தர் விரும்பியது அது. ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டிய பெரிய தளம் இன்னொன்று. திருச்சியிலிருந்து கழுத்துப்பட்டை அணிந்த முகவர் வந்து அதைப் புகழ்ந்தார். அது கேட்ட கணினி எங்கள் அறுவடை இயந்திரத்துக்கு நிகரான மதிப்புடையதாக இருந்தது. மூன்றாவது, இலவசமாகக் கிடைத்த தளம். கண்டிப்பு மிக்கது. விதி ஒன்றைச் சொல்லிவிட்டால், அதை மீறும் வரியை உள்ளே விடாது.

எங்கள் பக்கம் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. எனவே ஒரு பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே மின்செருகியைப் பிடுங்கினேன். பழைய வகைக் கோப்பு சிதைந்தது. இலவசத் தளம் மீண்டு எழுந்து, முடிந்த பதிவு முழுவதையும் காட்டியது. முடியாததை அடியோடு மறுத்தது. பின்னால் நின்ற உரிமையாளர், “அட, செத்துப் பொழச்சு வருதே புலவரே! இதையே போடுங்க. நம்ம டிரைவருங்களுக்கும் ஒண்ணு வாங்கி மாட்டலாம்,” என்றார். பிறகு நூறு பெயர்களைக் கலைத்து இட்டு வரிசைப்படுத்தச் சொன்னேன். அகரம் முதல் னகரம் வரை தமிழ் நெடுங்கணக்கு பிசகாமல் நின்றது. என் கண் கலங்கியது. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் என்னை வென்றது இவையல்ல. அந்தத் தளத்தின் கையேடு ஒரு கொள்கையை வற்புறுத்தியது: ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே எழுதப்பட வேண்டும். திரும்ப எழுதினால் ஒருநாள் இரண்டும் முரண்படும். எனக்கு வகுப்பறையில் மனப்பாடம் செய்த நூற்குற்றங்கள் நினைவுக்கு வந்தன. கூறியது கூறல் ஒரு குற்றம். மாறுகொளக் கூறல் இன்னொரு குற்றம். பழைய கோப்பு இரண்டாலும் நிறைந்திருந்தது. ஒரே வயலின் பெயர் வேலைதோறும் திரும்பத் திரும்ப வந்தது. அதுவும் ஓர் ஆண்டில் ஒருவர், மறு ஆண்டில் வேறொருவர். உரைநடையில் இவற்றைக் களைந்தே வளர்ந்தவன் நான். இங்கும் களைய ஒரு கருவி கிடைத்தது என்று மகிழ்ந்தேன்.

ஆகவே இரண்டு அட்டவணைகள் வகுத்தேன். ஒன்று நிலங்கள்: ஒரு புல எண்ணுக்கு ஒரே பெயர். மற்றொன்று வேலைகள்: நாள், புல எண், வேலையின் வகை. வேலை அட்டவணையில் பெயரே இல்லை. பெயர் வேண்டும்போது புல எண்ணைக் கொண்டு நில அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளும். பெயர்களை ஆங்கில எழுத்திலிருந்து தமிழுக்கு மாற்ற, நிலத்துக்கு ஒருமுறை தட்டச்சு செய்தால் போதும் என்பதும் எனக்கு அழகாகத் தோன்றியது.

பதிவெழுத்தர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

“சார், ஒரு வயலுக்கு ஒரு பேரு எப்படி சார்? பட்டா ஒருத்தருக்கு இருக்கும். பயிரு ஒருத்தர் வச்சிருப்பாரு. அவரு மச்சான் வந்து வண்டி கேப்பாரு.”

“நிலத்துக்கு உடையவர் ஒருவர்தானே அம்மா?”

“அது தாலுக்காபீசுல சார். வயல்ல அப்படி இல்ல.”

“ஒரே இடத்தில் இருவர் பெயரை விட்டால் எது சரி என்று பிற்காலத்தில் எப்படி அறிவது?”

“ரெண்டும் சரிதான் சார்,” என்றார். வரைபடத்தின் ஓரத்தைத் தொட்டு, “குறிப்புன்னு ஒரு கட்டமாச்சும் விடுங்க. நான் எதையாவது எழுதி வச்சுப்பேன்,” என்றார்.

குறிப்புக் கட்டம் என்பது ஒழுங்கின்மை நுழையும் சாளரம் என்று விளக்கினேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. என்னைப் போன்றவர்களோடு எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்று அவருடைய பெற்றோர் அவருக்குச் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு புல எண்ணுக்குப் பல பெயர்கள் வந்த இடங்களில் எதைக் கொள்வது என்று ஒரு விதி வேண்டியிருந்தது. சுவடிப் பதிப்பில் நாங்கள் பயின்றதுபோல, காலத்தால் முந்திய பாடத்தையே மூலம் என்று கொண்டேன். முதல் பதிவில் உள்ள பெயர் நிற்கும், பிந்தியவை நீங்கும். சுவடி பதிப்பிப்பவர் நீக்கிய பாடத்தை அடிக்குறிப்பிலாவது காட்டுவார். நான் அதுவும் செய்யவில்லை.

மார்கழிக் கடைசிக்குள் தரவு முழுவதும் புதிய தளத்தில் ஏறியது. வரிகளின் எண்ணிக்கையை ஒத்துப் பார்த்தேன். ஒரு வேலைகூட விடுபடவில்லை. பெயர்களை ஒத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பழைய கணினியை அருகிலிருந்த அரசுப் பள்ளிக்குக் கொடுக்க உரிமையாளர் ஆசைப்பட்டார். அதன் வட்டிலிருந்த தரவை நானே துடைத்தழித்துக் கொடுத்தேன். போகியன்று காலையில், முன்வாசலில் பழைய பாய்களும் கிழிந்த இயந்திரப் பட்டைகளும் எரிந்துகொண்டிருந்தபோது, துளைத்தாள் கட்டுகளையும், ஓட்டுநர்களின் பயணக் குறிப்பேடுகளையும், தரவைப் படியெடுத்து வைத்திருந்த, ஃபிளாப்பி எனப்படும் நெகிழ்தட்டுகளின் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

“புலவரே, எல்லாம் உள்ள ஏறிடிச்சுல்ல?”

“எல்லாம் ஏறிவிட்டது,” என்றேன்.

தட்டுகள் உருகிச் சுருண்டன. புகை கரித்தது. பதிவெழுத்தர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தை பிறந்து பத்து நாள் கழித்து அம்மையார் வந்தார். அன்று சேறு இல்லை, அறுப்பு முடிந்திருந்தது. வெளுத்த புடவை ஒன்றை உடுத்தி, தாளை வைக்க ஓர் உறையும் கொண்டுவந்திருந்தார். நானே புல எண்ணை இட்டேன். புதிய அச்சுப்பொறி வெண்தாளில் பதினைந்து ஆண்டுகளின் உழவையும் அறுப்பையும் நாள் பிசகாமல் அச்சிட்டது. தாள் வெளியே வரும்போதே பதிவெழுத்தர் அதைப் படித்துவிட்டார். அவர் கை அதை எடுக்கவில்லை.

நான் எடுத்துக் கொடுத்தேன். அம்மையார் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். விரல் பெயரின்மேல் நின்றது.

“இது பெரியய்யா பேருல்ல?”

நான் தாளை வாங்கினேன். முதல் ஆண்டில், குத்தகைக்கு விடுவதற்கு முன், மிராசுதாரின் காரியக்காரர் வந்து அவர் பெயரில் ஓர் உழவு கேட்டிருக்கிறார். அந்த ஒரு வரி மூலமாகி, பின்வந்த பதினான்கு ஆண்டுகளின் பெயர்களையும் விழுங்கியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் மிராசுதார். தாமே உழுதார், தாமே அறுத்தார். அவருடைய பிள்ளைகள் எதைச் சொல்கிறார்களோ, அதையே என் தாள் அழகிய தமிழில் சொல்லியது.

“எங்க வீட்டுக்காரரு பேரு அடுத்த பக்கத்துல இருக்குங்களா சாரு?”

துடைத்த வட்டிலிருந்து ஏதேனும் மீட்க முடியுமா என்று பள்ளிக்கு ஓடினேன். வட்டில் புதிய இயக்கத்தளத்தை ஏற்றிப் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்து நில அட்டவணையில் அந்த ஒரு பெயரைத் திருத்திப் புதுத் தாள் தருகிறேன் என்றேன். உரிமையாளர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“விளையாடாதீங்க. போன வாரமே மிராசுதாரு பிள்ளைங்க வந்து கேட்டு ஒரு தாளு வாங்கிட்டுப் போயிட்டாங்க. கம்ப்யூட்டர்ல இருந்ததத்தானே கொடுத்தேன்? இப்ப நீங்க வேற பேரு போட்டா, மாத்தி அடிச்சான்னு என்னைய உள்ள தள்ளுவான். கேஸு முடியற வரைக்கும் எதுலயும் கைவைக்கக் கூடாது.”

அவர் சொன்னது நியாயம். நான் திருத்தினாலும் அது என் நினைவின் எழுத்தாகுமே தவிரப் பதிவாகாது.

மாசியில் விசாரணைக்கு நானும் பதிவெழுத்தரும் போனோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆட்சி மாறி முதல்வர் படம் மாறியிருந்தது; பழைய படத்தின் அளவுக்குச் சுவரில் வெள்ளைக் கட்டம் தெரிந்தது. நடந்ததை நான் எழுதிக் கொடுத்தேன். வட்டாட்சியர் பொறுமையாகப் படித்தார். “கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்றீங்களா?” என்று கேட்டார். கணினியன்று, நான் வகுத்த அமைப்பு தவறு என்றேன். பிள்ளைகளின் வழக்கறிஞர் சிரித்தார். “இவங்க ஆபீசு தாளு, இவங்க ஆபீசு முத்திரை. இப்ப இவங்களே பொய்யிங்கிறாங்க. எந்த நாள் சொன்னத நம்புறது, ஐயா?”

பதிவெழுத்தர் எழுந்தார். “ஐயா, பதினஞ்சு வருஷமா நான்தான் டைப் அடிச்சேன். இவங்க வீட்டுக்காரரு வந்து சொல்லச் சொல்ல என் கையாலதான் அடிச்சேன்.”

“எழுத்துல ஏதாவது இருக்காம்மா?”

“எரிச்சிட்டாங்கய்யா,” என்றார். ‘எரிச்சிட்டோம்’ என்று அவர் சொல்லவில்லை.

மனு தள்ளுபடி ஆயிற்று. வெளியே வேப்பமரத்தடியில் அம்மையார் அந்த உறையை நான்காக மடித்து இடுப்பில் செருகினார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். “நீங்க என்ன பண்ணுவீங்க சாரு, மிஷினு அப்படிச் சொல்லிடுச்சு,” என்றார். மிஷின் எதையும் சொல்லவில்லை, நான் சொல்லச் சொன்னதைச் சொன்னது என்று அவரிடம் கூறாமல், பேருந்து வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன். அவர் பேருந்து வந்தது.

மேல்முறையீடு என்று ஒன்று பெயரளவில் இருந்ததால், அடுத்த ஓராண்டும் தளத்தின் அமைப்பில் கைவைக்க உரிமையாளர் விடவில்லை. நிரல் பிசகாமல் ஓடியது. மின்சாரம் போய்ப் போய் வந்தும் ஒரு வரி கெடவில்லை. பக்கத்து ஊர் இயந்திர முதலாளிகள் வந்து பார்த்து, இதே தளத்தில் தங்களுக்கும் எழுதித் தரச் சொன்னார்கள். இருவருக்கு முடியாது என்றேன். மூன்றாமவர் காரணம் கேட்டபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்த ஓராண்டு கழிந்து வந்த சித்திரையில், நிறுவனம் புதிதாக வாங்கியிருந்த மண்வெட்டும் இயந்திரத்துக்கு அந்த மூன்று மாவிலிருந்து வேலை வந்தது. இறால் குட்டைக்குக் கரை போட வேண்டும். நிலத்தை வாங்கியவரின் ஆள் பட்டா நகலைக் கொண்டுவந்திருந்தான். பதிவெழுத்தர் புல எண்ணை இட்டார். திரையில் மிராசுதாரின் பெயர் வந்தது. பட்டா மாறியதால் அதை அழித்துப் புதியவர் பெயரை இட்டார். தளம் மறுக்கவில்லை. ஒரு நிலம், ஒரு பெயர், விதி காக்கப்பட்டது.

வேலைச்சீட்டோடு அந்த வயலின் பழைய வேலைகளும் திரையில் வரும்படி நான் எழுதியிருந்தேன். பதிவெழுத்தர் திரையை என் பக்கம் திருப்பினார். பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருந்ததால், அங்கே மாறியது எல்லா ஆண்டுகளிலும் மாறியிருந்தது. மிராசுதாரும் போய்விட்டார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் நடந்த முதல் உழவிலிருந்து, அந்த அம்மையார் சென்ற ஆண்டு அறுத்த கடைசி அறுப்பு வரை, ஒவ்வொரு வரியிலும் இறால் குட்டைக்காரர் நின்றார்.

“அப்போல்லாம் இவரு இந்த ஊர்ப்பக்கமே வந்திருக்க மாட்டாரு சார்,” என்றார் பதிவெழுத்தர்.

மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். பெயரில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.